கம்ப்யூட்டரில் இல்லாத ஏழுமலை

எண்பத்தெட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் அவலூர்பேட்டை பஸ் இன்னும் கிளம்பவில்லை. எனக்கு முன் இருக்கையில் இரண்டு கபடி ஆட்டக்காரர்கள். ஒருவன் மடியில் போண்டா பொட்டலம். மற்றவன் அவனைப் பார்த்துச் சொன்னான்:

“ஏழுமல, கம்ப்யூட்டரு உன்ன ஆளே இல்லன்னுட்ச்சிடா.”

“இன்னாடா சலீம் சொல்ற?”

“திண்டிவனம் கம்ப்யூட்டர் கிளாஸ்ல நம்ம டீம் வெயிட்ட ரெண்டு லிஸ்ட்டா போட்டேன். போன வருசத்துது ஒண்ணு, இந்த வருசத்துது ஒண்ணு. பேரு பேரா ஒத்துப் பாத்து, யாருக்கு வெயிட் மாறியிருக்குதோ அவன் பேர காட்டணும். எல்லாருக்கும் கரெக்டா வந்துச்சி. உன்னுது மட்டும் வரல.”

“ஏன்?”

“பழைய லிஸ்ட்ல உன் பேர்ல வர்ற ‘ழு’வுக்கு இங்கிலீஷ்ல எல் போட்டேன். புதுசுல இசட் எச் போட்டுட்டேன். அது வேற ஆளு, இது வேற ஆளுன்னு ஒத்தே பாக்கல.”

“எப்டி கூப்ட்டாலும் நான்தானேடா திரும்பிப் பாக்கறேன்!”

“நமக்கு நீ ஒருத்தன். அதுக்கு ரெண்டு பேரு.”

ஏழுமலைக்கு ஒரே சந்தோஷம். “அப்ப எனக்கு வெயிட் ஏறல. கம்ப்யூட்டரே காட்டல பாரு.” அடுத்த போண்டாவை எடுத்தான்.

“அறுவது கிலோவுக்கு மேல இருந்தா அவலூர்பேட்டை மேட்ச்ல எறக்க மாட்டாங்க மச்சான். அங்க இருக்கறது வெயிட் மிஷினு. அது பேரே கேக்காது.”

போண்டா வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. ஏழுமலை மெல்லத் திரும்பி, பொட்டலத்தை என் பக்கம் நீட்டினான்.

“அண்ணே, சூடா இருக்குது. சாப்டுங்க.”