பொங்காலைக்கு முந்தின நாள் ஒரு காலி அறை

கரமனை பஸ்ஸில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த தம்பதி கொலைக்குத் திட்டம் போடுகிறார்கள் என்றுதான் முதலில் நம்பினேன். காலடிப் பையில் செங்கல்கள் வேறு.

“கையெழுத்துப் போட்டு சாவி வாங்கிண்டு, பின்வாசல் வழியா வந்துடுவேன்,” என்றார் அவர்.

போலீசிடம் சொல்லவேண்டியதை மனப்பாடம் செய்தேன். முதல் வரியே மறந்துபோனது.

“படுக்காத ஹோட்டல் ரூம் எதுக்குன்னேன்?”

“இன்னும் ஒரு ராத்திரி தங்கினதாக் கணக்குல ஏறினா ஹோட்டல்ல கோல்டு கார்டு குடுப்பா. அப்புறம் எப்பப் போனாலும் காலம்பற இட்லி ஃப்ரீயாக்கும்!”

“கோவிலைச் சுத்தி ஊர்ப்பட்ட பொம்மனாட்டிகள், நாளைக்கு அம்மனுக்குப் பொங்காலைப் பொங்கல் வெக்கற செங்கல் அடுப்புக்கு இடம் பிடிச்சு ரோட்டுலயே படுத்துண்டிருக்கா. நீங்க ரூமைப் பூட்டி வெப்பேளா?”

“காசு குடுத்துன்னா பூட்டறேன்?”

“இன்னிக்கு ராத்திரி நானும் அந்த ரோட்டுலதான் படுக்கப்போறேன்.”

அவர் ஹோட்டலுக்குப் போன் செய்து மனைவி பெயரையும் சேர்க்கச் சொன்னார். “கூட, ரோட்டுல என் பக்கத்துல அடுப்புப் போடற ரெண்டு மாமிகளும்,” என்றாள் அவள். அதையும் சொன்னார்.

கிழக்கேகோட்டையில் இருவரும் இறங்கினார்கள். செங்கல் பையை அவரே தூக்கிக்கொண்டார்.