புத்தகம் மாறிய சீட்டு

என் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு முகவரி ஆகியவற்றைத் தனித்தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வயது ஐம்பத்திரண்டு. பொது நூலகத்தில் இருபத்து நான்கு வருடமாக உதவி நூலகர். வாசகர்கள் என்னைச் சீட்டம்மா என்பார்கள். புதிதாக வருகிறவர்கள் நான் ஏலச்சீட்டு நடத்துவதாக நினைத்து விசாரித்ததும் உண்டு. இன்று காலை பத்தரை மணிக்கு, யாரும் அழைக்காமல் நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து ஆய்வாளர் முன்பாகச் சொல்வது:

நூலக வாசலுக்கு எதிரே ஒரு மேசை இருக்கிறது. அதில் இடது பக்கம் மர்ம நாவல்களும் வலது பக்கம் புகைப்பட நூல்களும் நான் தேர்ந்தெடுத்து வைப்பவை. இரண்டையும் ஒரே மேசையில் வைத்தது என் யோசனைதான். இரண்டு ரசிகர்களும் ஒரே ரகம், மற்றவர்கள் பார்க்காத மூலையைப் பார்ப்பவர்கள் என்பது என் கட்சி. ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும் என் கைப்பட ஒரு பரிந்துரைச் சீட்டு வைப்பேன். சீட்டில் புத்தகத்தின் பெயரை எழுத மாட்டேன். புத்தகத்துக்குள்ளேயே இருக்கிற சீட்டுக்குப் பெயர் எதற்கு என்ற நினைப்பு. எனக்கு அவ்வளவு மேதாவித்தனம்.

சென்ற மாதம் மூன்றாம் தேதி கூரை ஒழுகி மேசை நனைந்துவிட்டது. அதன் பிறகு சீட்டுகளை எல்லாம் எடுத்து ஜன்னல் கட்டையில் காயவைத்தேன். அதன் பிறகு தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்ததால், போனைக் காதில் இடுக்கிக்கொண்டே ஞாபகத்தில் இருந்தபடி திரும்பச் செருகினேன். அப்போது இரண்டு சீட்டுகள் மாறிவிட்டன. ஒரு வாரம் கழித்து, நாவல் ஒன்றைத் திருப்பிக் கொடுத்த கல்லூரிப் பெண், "ஓரத்துல நிக்கிறது யாருன்னு கண்டுபிடிக்கச் சொல்லி எழுதியிருக்கீங்க. அப்படி யாருமே நிக்கலையே மேடம்?" என்று கேட்டாள். "நீ பக்கத்தைத் தள்ளித் தள்ளிப் படிச்சிருப்பே" என்று சிரித்து அனுப்பிவிட்டேன். அப்போதே எழுந்து போய்ப் பார்த்திருந்தால் இன்று இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன்.

இந்த வழக்கில் எதிரியாகச் சேர்க்கப்பட்டுள்ள தையல்காரர் பதினோரு வருடமாக எங்கள் வாசகர். மர்ம நாவல் தவிர எதையும் தொடமாட்டார். முடிவை முன்னாலேயே சொல்லிவிடாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிடுவார். அவருடைய அக்காள் மூன்று வருடத்துக்கு முன் ஏணியிலிருந்து விழுந்து இறந்தது எனக்குத் தெரியும். அக்காள் கணவர், கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதும் பெயிண்டர். பெயிண்டர் அன்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்பது மட்டும் எனக்குத் தெரியாது.

சென்ற பதினாறாம் தேதி நான் விடுப்பு. அன்று தையல்காரர், எங்கள் ஊர்த் தெருக்களைப் பற்றிய புகைப்பட நூலை எடுத்துப் போயிருக்கிறார். அதில் அவருடைய அக்காள் ஏணிமேல் நின்று பலகையைத் துடைக்கிற படம் இருப்பதாக யாரோ சொன்னார்களாம். அந்தப் படத்தில் பெயிண்டர் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். அந்த நூலுக்குள் இருந்த சீட்டு, கணவனே கொலைகாரனாக வரும் ஒரு நாவலுக்காக நான் எழுதியது. அதில் இருந்த வாசகம்: "ஏணியைப் பிடித்திருக்கும் கணவனை நம்பாதீர்கள். அவன் கையைப் பாருங்கள்."

பதினெட்டாம் தேதி மதியம் தையல்காரர் கவுண்டருக்கு வந்தார். புத்தகம் துணிப்பைக்குள் இருந்தது. சீட்டை மட்டும் எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இது நீங்க எழுதினதா?"

"வேற யாரு எழுதுவா?"

"நெஜமாவா?"

"நூத்துக்கு நூறு. அந்த மூஞ்சியைப் பார்த்தா யாருக்காவது சந்தேகம் வருமா? அங்கதானே விஷயமே இருக்கு."

"அவரா தள்ளிவிட்டாரு?"

"அதையும் நானே சொல்லிட்டா எப்படி? நீங்களே கண்டுபிடிங்க."

நான் நாவலைப் பற்றிப் பேசினேன். அவர் முகம் வெளுத்திருந்ததைக் கவனித்தேன், கதை நன்றாகப் பிடித்துக்கொண்டது என்று சந்தோஷப்பட்டேன். பாவி, சந்தோஷப்பட்டேன்.

அதன் பிறகு நடந்தது பேக்கரிக்காரர் சொல்லித் தெரியும். மறுநாள் காலை பேக்கரியின் பெயர்ப்பலகையை எழுதிக்கொண்டிருந்த பெயிண்டரிடம் தையல்காரர், "அன்னிக்கு உங்க கை எங்க இருந்துச்சு மாமா?" என்று கேட்டிருக்கிறார். பெயிண்டர், "என்ன மாப்ளே, டீ குடிச்சியா?" என்று கேட்டுக்கொண்டே திரும்பியிருக்கிறார். தையல்காரர் ஏணியை எட்டி உதைத்திருக்கிறார். பெயிண்டருக்கு வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது.

இருபதாம் தேதி காவலர் ஒருவர் சீட்டைக் கொண்டுவந்து, "இது உங்க கையெழுத்தா?" என்று கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இங்க பல பேர் எழுதுவாங்க, விசாரிச்சுச் சொல்றேன்" என்றேன். அது பொய். வேலை போய்விடுமே என்ற பயம். அந்தப் பொய்யால் தையல்காரர் மேலும் இரண்டு நாள், அக்காளைக் கொன்றது மாமாதான் என்ற நினைப்போடு லாக்கப்பில் இருந்தார்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பெயிண்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. கட்டிலுக்கு அடியில் சுருட்டி வைத்திருந்த சட்டையைக் காட்டினார். பிரஷ் வைக்கத் தனிப் பை வைத்து மச்சான் தைத்துக் கொடுத்ததாம், நர்ஸ் அதைக் கத்தரியால் வெட்டித்தான் கழற்றியிருக்கிறார். "ஞாயித்துக்கிழமை ஆனா ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் சாப்பிடுவோம். வாயைத் திறந்து கேட்டிருக்கலாம்ல, மேடம்? அன்னிக்குப் பலகை எப்படி இருக்குன்னு தள்ளி நின்னு பார்த்தேன். ஒரு நிமிஷம் கையை எடுத்துட்டேன். அதைச் சொல்லியிருப்பேனே" என்றார்.

இன்று காலை, ஆய்வாளரிடம் அனுமதி பெற்று, மாறிப்போன இரண்டு சீட்டுகளையும் நாவலையும் தையல்காரருக்குக் காட்டி விளக்கினேன். நாவலைப் புரட்டிப் பார்த்தார். அதன் பிறகு, "அப்ப அதை எழுதின நீங்க எதையும் பார்க்கலையா?" என்றார். இல்லை என்றேன். "எங்க அக்கா சும்மாதான் விழுந்தாளா?" என்றார். அவருக்குப் பதினோரு வருடமாக எந்த முடிவையும் சொல்லாத நான், ஆமாம் என்று சொன்னேன். கையை எடுத்த அந்த ஒரு நிமிஷத்தைப் பெயிண்டரே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவருக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் அதில் பாதி என்னைச் சேர்ந்தது என்பதைக் கோர்ட்டார் கணக்கில் எடுக்கவேண்டும்.

இதை ஆய்வாளர் படித்துக் காட்டக் கேட்டேன். ஒன்றையும் கூட்டவில்லை, இந்தத் தடவை ஒன்றையும் மறைக்கவும் இல்லை. மேற்படி சீட்டில் உள்ள எழுத்தும், கீழே உள்ள கையொப்பமும் ஒரே கையால் எழுதப்பட்டவை.

(ஒப்பம்)
உதவி நூலகர்