ஒரு சொல் தந்தி

கடல் தந்திக்குச் சொல்லுக்கு இத்தனை ஷில்லிங் என்று கட்டணம். அதனால் லண்டன் எங்கள் தீவுக்கு ஒரே சொல்லில்தான் பதில் அனுப்பும். குறியீட்டுப் புத்தகத்தைப் பார்த்து அதை விரித்து எழுதுவது என் வேலை. இருபத்திரண்டு வருடமாக ஆளுநர் அலுவலகத்தில் அதைச் செய்கிறேன்.

அந்த வருடம் ஜெர்மனி தன் பீட்ரூட் சர்க்கரைக்கு ஏற்றுமதி மானியத்தைக் கூட்டியது. எங்கள் கரும்புச் சர்க்கரையை யாரும் சீந்தவில்லை. ஹோப்வெல் தோட்டத்து ஆலையை மூடினார்கள். கூலிக் குடும்பங்கள் பட்டினி கிடந்தன.

சோளமாவு வாங்கச் சட்டசபை பணம் ஒதுக்கியது. தீவின் வரிப்பணம்தான். ஆனாலும் லண்டன் சம்மதிக்க வேண்டும். தந்தியில் கேட்டோம்.

"நம்ம வீட்டு அடுப்பைப் பத்தவைக்கக் கடல் தாண்டிப் போய் நெருப்புக் கேக்கணும். என்னப்பா பொழப்பு இது?" என்றார் சட்டசபை உறுப்பினர் கிட்டென்ஸ். தீவின் பணம் தீவின் கையில் வேண்டும் என்ற அவருடைய மனுக்களை ரகசியமாக எழுதிக் கொடுத்தவன் நான்.

செவ்வாய்க்கிழமை ஒரு சொல்லில் பதில் வந்தது. விரித்தால்: 'சம்மதம். உடனே செலவிடுக.'

எனக்குக் களைப்பாக இருந்தது. ஒவ்வொரு முறையும் கடைசி நேரத்தில் தலையாட்டிவிடுகிறார்கள். சனங்களும் நன்றி சொல்லிவிட்டு மறந்துவிடுகிறார்கள். தந்தியை இழுப்பறையில் வைத்தேன்.

தோட்டத்து டாக்டர் அலெய்ன் தினமும் ஒன்பது மைல் வந்து விசாரிப்பார். இன்னும் வரவில்லை என்பேன். பத்தாம் நாள், "பிள்ளைங்க இப்ப அழறதுகூட இல்ல, பிரேத்வெயிட்" என்றார். அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

ஒன்பது பேர் இறந்தபோது பத்திரிகையில் நான்கு வரி வந்தது. கிட்டென்ஸ் படித்துவிட்டு, "ஒம்பதுக்கெல்லாம் லண்டன் திரும்பிப் பாக்காதுப்பா" என்றார். தந்தி வந்தது அவருக்குத் தெரியாது.

நான் காத்திருந்தேன். பத்தொன்பதாம் நாள் இறந்தவர்கள் நாற்பத்தொன்று ஆனார்கள். தந்தி அன்றுதான் வந்ததாகப் பதிந்து ஆளுநருக்கு உள்ளே அனுப்பினேன்.

லண்டன் திரும்பிப் பார்த்தது. தீவின் நிதியைத் தீவிடமே விடலாமா என்று விசாரிக்க உங்களை அனுப்பியிருக்கிறது.

தந்தி நிலையத்துப் பதிவேட்டில் வேறு தேதி இருப்பதாகச் சொல்கிறீர்கள். இருக்கும். அந்த நிலையத்துப் பையன் எழுத்தில் கவனமானவன்.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன், ஐயா. அந்தத் தேதியை உங்கள் அறிக்கையில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் அந்த நாற்பத்தொரு பேருக்கும் நீங்கள் அநியாயம் செய்தவராவீர்கள்.