சைனாக்காரனுக்கு எத்தன கப்பல்

அட, உக்காருங்க, மணியப் பாக்காதீங்க. பொண்ணு பாக்க வந்த ஊட்டுல சைனாக்காரன் கப்பலப் பத்திப் பேசறானேன்னு தோணுதுங்களா? உங்க பையன் எங்கூட்டுக்கு மாப்பிள்ளையாகறதுன்னா, இந்தப் பேச்சக் கேக்கற பொறுமை மொதல்ல உங்களுக்கு இருக்கோணுமில்லைங்க.

எம் பொண்ணு தனப்பிரியா ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போயிருக்குதுன்னு சாரதாமணி சொன்னா பாருங்க. எம் பொஞ்சாதி பொய் பேச மாட்டாளுங்க.

எங்க உட்டேன்? ஆங், கப்பலு. எண்ணிக்கையில ஒலகத்துலயே பெருசு அவன் கடற்படைதானுங்க. விமானம் எறங்கி ஏறற கப்பலே மூணு வெச்சிருக்கறான். இருவது வருசத்துக்கு முன்னால ஒண்ணுகூடக் கெடையாது. பிலிப்பைன்ஸ்காரன் மீன்புடிக்க வந்தாத் தண்ணியப் பீச்சி அடிக்கறான். சுட்டாத்தான சண்டை, இது சண்டையில்லையாமா. வரப்ப வெட்டிப்போட்டு ஒண்ணுந்தெரியாதவனாட்ட நிக்கற பங்காளி மாதிரிங்க.

கூட்டணியா? இருக்குதுங்க. அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா, நம்மளு, நாலு பேரும் சேந்து கடல்ல ஒத்திகை பாக்கறாங்க. ஆனா நமக்கு அடி உழுந்தா ஓடியாரேன்னு எவனும் எழுதிக் குடுக்கலைங்க. எங்க கோழிப்பண்ணைக்காரங்க கூட்டத்தையே பாருங்க. ஒரே வெலைக்குத்தான் முட்டை குடுக்கோணும்னு காப்பி குடிச்சுக் கையடிச்சுட்டுப் போவோம். விடியறதுக்குள்ள ஒருத்தன் கொறச்சுக் குடுத்து லாரி ஏத்தீருப்பான். சிரிக்காதீங்க, அந்த ஒருத்தன் நாந்தானுங்க. அதனாலதான் சொல்றேன், நம்ம கடல நாமதான் பாத்துக்கோணும்.

இத்தனையும் எங்க கத்துக்கிட்டனா? எம் பொண்ணுகிட்டத்தானுங்க. அது முட்டை பொறுக்கும், நான் தீவன மூட்டை மேல ஆபீசராட்ட உக்காந்து கேள்வி கேப்பேன். நேர்காணல்ல இதெல்லாம் கேப்பாங்களாமா. எந்த வேலைக்கா? சொல்றேன் இருங்க.

போனா அடிக்குது? எம் மச்சினன் செல்லமுத்துங்க. அடிக்கட்டும். எடுத்தா, புள்ள எங்கீங்க மாமான்னு கேட்டுப்போட்டுக் காரத் திருப்பீருவான். முன்னாலயே எடுத்திருந்தா ஈரோட்டுலயே ரயில மறிச்சுப் புள்ளைய எறக்கீருப்பான். இனி முடியாதுங்க, வண்டி பாலக்காடு தாண்டிருக்கும்.

ஆமாங்க, கடற்படை ஆபீசருக்குக் கேரளாவுல பயிற்சி குடுக்கற எடத்துக்குத்தான் போவுது. பெட்டிய நேத்தே முட்டை வேன்ல தட்டுகளுக்கு நடுவால ஒளிச்சு வெச்சுட்டேன். கோயிலுன்னு அவங்கம்மாகிட்டச் சொன்னதும் நாந்தான். ரயிலு நகந்ததும் அழுதுட்டனுங்க. அந்தக் கப்பலுகள நெனச்சாப் பயமாத்தான் இருக்குது, எம் புள்ள அதுக்கு எதுக்க நிக்கப்போவுதுன்னு நெனச்சா மாரு நெம்பிப்போவுது. உங்கள ஏமாத்துனது தப்புதானுங்க. விருந்தாளி ஊட்டுல இருந்தாத்தான் சாரதாமணி புள்ளையத் தேடிக் கெளம்ப மாட்டா.

எல போட்டுட்டா, வாங்க. சம்பந்தம் முடிவாகாமப் பொண்ணு ஊட்டுல கை நனைக்கப்படாதுங்களா? இனி முடிவாகறதுக்கு என்னங்க இருக்குது, தாராளமா நனைங்க. கொஞ்சம் மெதுவாச் சாப்புடுங்க சாமி. நீங்க எல முன்னால உக்காந்திருக்கற வரைக்குந்தான் அவகிட்டருந்து எனக்குப் பாதுகாப்பு.