மேலே சிவப்பு, கீழே பச்சை

ஹலோ… ஹலோ, அண்ணா? நான்தான்… ஆமா, நான்தான். சரியா கேக்கலையா?… இரு, இந்தப் பக்கம் வர்றேன். மொட்டை மாடியில நிக்கிறேன், தண்ணித் தொட்டிகிட்ட… இப்போ?… ம், சரி.

இல்லை, கீழ இருந்து பேச முடியாது. பையன் ரூம்ல இருக்கான். துணி காயப் போடற சாக்குல மேல வந்தேன்… யாருக்கும் ஒண்ணும் ஆகலை, பதறாதே. எல்லாரும் உசிரோடதான் இருக்கோம்.

நீ டிப்போவிலயா இருக்கே?… அடுத்த ட்ரிப் எப்போ?… சரி, வண்டி எடுக்கறதுக்குள்ள முடிச்சுடறேன்.

ஆமா, ஆமா… ராணுவ அகாடமியில ரிஜெக்ட் பண்ணதுதான் உனக்குத் தெரியுமே. அதுக்கப்புறம் வீட்டுல நடக்கறது உனக்குத் தெரியாது. ரூமை விட்டே வர்றதில்லை. தட்டை வாசல்ல வெச்சா கொஞ்சம் எடுத்துக்கறான்… குளிக்கறான், அதெல்லாம் குளிக்கறான். முகத்தை வழிச்சு, தலையை வாரி, போர்வையை மடிச்சு வெச்சுட்டு நிமிர்ந்து உக்காந்திருக்கான். அதைப் பார்த்தாதான் எனக்குப் பயமா இருக்கு. அழுதுட்டுக் கிடந்தாக்கூட, அழுது தீர்ந்துடும்னு இருப்பேன்.

அவங்க அப்பாவா?… அவர் என்ன சொல்லுவார். வேலைக்குப் போறார், வர்றார். பையன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. ஆனா நேத்து காலையில பார்த்தா, அவன் ஓடப் போற ஷூவை எடுத்து வெச்சுக்கிட்டு, அடியில ஒட்டியிருந்த மண்ணையெல்லாம் குச்சியால சுரண்டிக்கிட்டு இருக்கார். "எதுக்குங்க இப்போ"ன்னேன். "சும்மாத்தான்"னார். அந்த மனுஷனுக்கு அவ்வளவுதான் தெரியும்.

தெருவுல சும்மா இருப்பாங்களா. நீ வெச்ச பேருதானே, மேஜர்னு. தவழற குழந்தைக்கு வெச்சே. இப்ப ஊரே அப்படித்தான் கூப்பிடுது. இன்னிக்குப் பால்காரர், "மேஜர் எப்பம்மா கிளம்பறார்"னு கேட்டார். பாவம், தெரியாமத்தான் கேட்டார். "இன்னும் நாள் இருக்குங்க"ன்னுட்டேன்… பொய்தான். என்ன பண்றது, வாய் முந்திக்கிச்சு. கடவுள்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன்.

இரு, இரு. நான் சொல்ல வந்தது அது இல்லை. அவன் இன்னிக்கு ராத்திரி ரயிலுக்குக் கிளம்பறான்… அப்பீலுக்கு. மறுபடி மெடிக்கல் பார்க்கணும்னு. பை எல்லாம் கட்டியாச்சு… 

தெரியும். எழுத்துப் பரீட்சை தேறிட்டான், ஓட்டம் தேறிட்டான், நாள்கணக்கா உக்கார வெச்சுக் கேட்ட கேள்வியெல்லாம் தேறிட்டான். கரை சேர்ற நேரத்துல கண்ணு. சிவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியலைன்னு சொல்லிட்டாங்க… எனக்கும் முதல்ல நம்பிக்கை வரலை. தெருக்கோடியில வர்ற பஸ்ஸோட நம்பரை இங்கேருந்து படிக்கிறவனுக்குக் கண்ணுல என்ன குறைன்னு. அதையேதான் அவனும் சொல்றான். "பரிசோதனை தப்பு. எங்க குடும்பத்துல யாருக்குமே கிடையாது, அதையே சொல்லி வாதாடுவேன்"கறான்.

மெடிக்கல் பார்த்த டாக்டரம்மா நல்லவங்கண்ணா. எல்லாம் முடிஞ்சதும் இவனைத் தனியா உக்கார வெச்சு, தனக்கு வந்த டீயை இவன் பக்கம் தள்ளி வெச்சாங்களாம். "தம்பி, இது நீ தோத்தது இல்லை. பொறக்கும்போதே வந்தது"ன்னு சொன்னாங்களாம். யாரு சொல்லுவா, அத்தனை பேர் வரிசையில நிக்கும்போது? இன்னொண்ணும் சொன்னாங்களாம். அப்பீலுக்கு வந்தா, புள்ளி புள்ளியா நம்பர் எழுதின புத்தகத்தைக் காட்ட மாட்டோம், இருட்டு ரூம்ல சின்னச் சின்ன விளக்கைக் காட்டுவோம், என்ன கலர்னு டக்குனு சொல்லணும்னு… ஆமா, இருட்டுல. வெறும் விளக்கு. அதை எப்படி மனப்பாடம் பண்ணுவான்?

…ஹலோ?… ஏன் பேச்சையே காணோம்? மனப்பாடம்னு சொன்னதும் டக்குனு நின்னுபோச்சு.

நான் அதுக்குத்தான் கூப்பிட்டேன். விளக்குன்னு சொல்லியும், புத்தகத்தையும் காட்டுவாங்கன்னு நம்பி, ராத்திரியும் பகலும் அந்தப் புள்ளிப் படங்களை போன்ல வெச்சுக்கிட்டு, இந்தப் பக்கத்துக்கு இந்த நம்பர், அந்தப் பக்கத்துக்கு அந்த நம்பர்னு உருப் போட்டுக்கிட்டு இருக்கான். வாய்ப்பாடு சொல்ற மாதிரி. "இது யார்டா உனக்குச் சொல்லிக் குடுத்தது"ன்னேன். "மாமா"ன்னான்.

"எங்க போனாலும் அந்தப் புத்தகம் ஒரே வரிசைதான் மாப்ளே. முதல் பக்கம் எல்லாருக்கும் தெரியும். ரெண்டாம் பக்கத்துலேருந்துதான் வேலை"ன்னு சொன்னியாமே.

அண்ணா, நீ பஸ் ஓட்டறவன். உனக்கு அது எப்படித் தெரியும்?

…யாரோ சொன்னாங்கன்னா, யாரு?… எந்த டிரைவர்? அவர் பேரு என்ன?… ம். மறந்துபோச்சு. …டவர் எல்லாம் நல்லாத்தான் இருக்கு, நீ மூச்சு விடறதுகூடக் கேக்குது. வெக்காதே. வெச்சா மறுபடி கூப்பிடுவேன். நான் யாரு தங்கச்சி?

டாக்டரம்மா ஒண்ணு கேட்டாங்களாம். "அம்மா வழியில யாருக்காவது இருக்கா, மாமா யாருக்காவது"ன்னு. இது அம்மா மூலமாத்தான் பையனுக்கு வருமாம். இவன் நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு, "எங்க மாமா பஸ் டிரைவர், அவருக்கு எப்படி இருக்கும்"னு சொல்லிட்டு வந்திருக்கான்… அதைக் கேட்டதுலேருந்து எனக்குத் தூக்கம் இல்லை. ஒண்ணொண்ணா ஞாபகம் வருது. கடைக்கு அனுப்பினா காய் தக்காளியும் பழத் தக்காளியும் கலந்து அள்ளிட்டு வருவே, அம்மா திட்டுவாங்க. அண்ணி வந்தப்புறம் உன்னைக் காய்கறிக் கடைப் பக்கமே விடறதில்லை. நானும் எவ்வளவு கேலி பண்ணியிருக்கேன், மகாராஜாவுக்குப் பை தூக்கக் கை வலிக்குதான்னு…

சொல்லுண்ணா. சொல்லிடு… திட்ட மாட்டேன்.

…ம்…

…ம். சரி… சரி. 

எப்பலேருந்து தெரியும்?… பள்ளிக்கூடத்துலேருந்தேவா. அப்ப லைசென்ஸ் எடுக்கும்போது?… வரிசையில முன்னால நின்னவர் வெளிய வந்து நம்பரையெல்லாம் சொன்னாரா… அப்புறம் ஒவ்வொரு கண் பரிசோதனைக்கும் அதையேதானா… அண்ணிக்குத் தெரியுமா?… தெரியும். சரி. பரவாயில்லை. யாராவது ஒருத்தருக்காவது தெரியணுமே. தனியாவே சுமந்துட்டுப் போயிருந்தா இன்னும் பாவம்.

அண்ணா, ஒண்ணு கேக்கறேன். சிக்னல்ல என்ன பண்ணுவே?… மேல சிவப்பு, கீழ பச்சை. இடத்தை வெச்சு. சரி. ராத்திரியில ஒத்தை விளக்கு மட்டும் மினுக்குமே, அப்போ?… முன்னால போற வண்டியைப் பார்த்து… முன்னால வண்டியே இல்லைன்னா?

…நின்னுடுவியா. பின்னால ஹாரன் அடிச்சாலும்… ம்… உள்ள இருக்கறவங்க தூங்கறியான்னு திட்டினாலும்… இத்தனை வருஷமும் அப்படியேவாண்ணா? விபத்தே இல்லாம ஓட்டினேன்னு மேடையில ஏத்தி மாலை போட்டாங்களே, அது இப்படி நின்னு நின்னு வந்ததுதானா… சிரிக்கலை. சிரிப்பு வரலை எனக்கு.

இல்லை, உன்னைக் குத்திக் காட்ட நான் கூப்பிடலை. அவனை நிறுத்தறதுக்குக் கூப்பிட்டேன். நான் சொன்னா அவனுக்கு ஏறாது. "உனக்கு என்னம்மா தெரியும்"பான். அவங்க அப்பா சொல்ல மாட்டார். நீ சொன்னாத்தான் வேதம். "எனக்கும் இருக்குடா மாப்ளே, இது நிஜம்டா, போகாதே"ன்னு நீ ஒரு வார்த்தை சொன்னா அந்தப் பையைக் கீழ வெச்சுடுவான்.

…தெரியும்ணா. தெரியாமலா கேக்கறேன்? வாய் விட்டு வெளிய வந்தா அது நம்ம பேச்சு இல்லை. நாளைக்கு யாராவது கேட்டா அவன் என்ன சொல்லுவான்? உன் வேலை… அதை நினைச்சுத்தான் நானும் காலையிலேருந்து போனை எடுக்கறதும் வெக்கறதுமா இருந்தேன்.

அவனும் உன்னை மாதிரி தப்பிச்சுப் போயிடட்டுமேன்னு சொல்றியா?… முதல்ல தப்பிக்கவே முடியாதுண்ணா. இருட்டுல விளக்கைக் காட்டினதும் முழிப்பான். இப்பவாவது கண்ணு சரியில்லைன்னு திருப்பி அனுப்பினாங்க. அப்போ ஏமாத்த வந்தவன்னு அனுப்புவாங்க. சரி, தப்பிச்சுட்டான்னே வெச்சுக்கோ. அதிகாரி ஆயிட்டான். என்னிக்கோ ஒரு நாள் தூரத்துல விளக்கைக் காட்டி நில்லுன்னு சொல்லுவாங்க. இவன் வான்னு நினைச்சுட்டு நடப்பான். பின்னால இவனை நம்பி வர்ற பசங்களும் யாரோ ஒருத்தி பத்து மாசம் சுமந்ததுதானே? அந்தப் பாவத்தை எங்க கொண்டு போய்க் கழுவறது?

…உன்னைச் சொல்லலை. …இல்லைண்ணா, உன்னைச் சொல்லலை.

…சரி. உன்னையும்தான் சொன்னேன். மன்னிச்சுக்கோ.

அவனுக்கா? வேற என்ன வழின்னு நானும் கேட்டுப் பார்த்துட்டேன். கணக்கு நல்லா வருது, வாத்தியாருக்குப் படிடான்னேன். "ஒண்ணுலயும் ஒப்பேறாதவன்தான் வாத்தியாரா"ன்னு கேக்கறான். வாத்தியாருங்க கேட்டா அடிக்க வருவாங்க. ராணுவத்துலயே ஆபீஸ் வேலை இருக்காம், அதுக்குக் கண்ணை இவ்வளவு பார்க்க மாட்டாங்கன்னு டாக்டரம்மாவே சொன்னாங்களாம். "ஃபைல் தூக்கவா நாலு வருஷம் ஓடினேன்"கறான். ரயில் ஓட்டலாம்னா அங்கயும் கலர். கப்பல்னா அங்கயும் கலர். உலகத்துல இவன் ஆசைப்படற கதவுல எல்லாம் ஒரு சிவப்பு விளக்கும் பச்சை விளக்கும் மாட்டி வெச்சிருக்காங்கண்ணா. நானும் ஜபம் பண்றேன். என்ன கேக்கறதுன்னே தெரியலை. கண்ணை மாத்திக் குடுன்னா கேக்க முடியும்? மனசை மாத்திக் குடுன்னு கேக்கறேன். அதுவும் நடக்கற மாதிரி தெரியலை.

இரு, தூறல் விழுது. அங்க மழையா?… கொட்டுதா. இங்க இப்பத்தான் ஆரம்பிக்குது. துணியை எடுக்கணும்… இரு, ஒரு நிமிஷம்…

…டேய்.

நீ எப்படா மேல வந்தே?

…துணி எடுக்கவா… எவ்வளவு நேரமா நிக்கிறே?… என்ன கேட்டே?… எதுலேருந்து?

…தக்காளியிலேருந்தா.

அண்ணா, வெக்காதே. பையன் இங்க நிக்கிறான். மழை வரும்னு அப்பவே துணி எடுக்க வந்திருக்கான். கை நிறையத் துணியோட அப்படியே நிக்கிறான்… ம், கேட்டுட்டான். அதுலேருந்து நான் பேசினது முழுக்கக் கேட்டுட்டான். நீ பேசினதை அவனா ஊகிச்சுக்கிட்டான்.

டேய், மாமாகிட்டப் பேசறியா? இந்தா… வேண்டாங்கறான். தலையை ஆட்டறான்… என்னடா?… மாமாவையா? என்ன கேக்கணும்?… 

அண்ணா, உனக்கு எப்ப வண்டி எடுக்கணும்னு கேக்கறான்… இப்பவா? இதோ இப்பவேவா?… டேய், இப்பத்தானாம்… என்ன?… சத்தமா சொல்லு, மழையில கேக்கலை…

சரி. சொல்றேன். இரு, சொல்றேன்.

அண்ணா… மழை பெய்யுது, இருட்டிக்கிட்டு வருது, மாமாவை வண்டி எடுக்க வேண்டாம்னு சொல்லும்மாங்கறான்.

…அவ்வளவுதான் சொன்னான்.

…ஹலோ?

…அண்ணா…

கோபமா?… இல்லைண்ணா. கோபமா இல்லை. அவன் முகத்தை நீ பார்க்கணும். உன்னை நினைச்சுப் பயந்திருக்கான்… ஆமா. நம்பிட்டான். உனக்கு இருக்குன்னு நம்பினான்னா, தனக்கு இருக்குன்னும் நம்பிட்டான்னுதானே அர்த்தம். டேய், அப்ப ரயிலு?… 

போகலையாம்.

…இதைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன். கிடைச்சிருச்சு. சந்தோஷமா இல்லைண்ணா. கூட்டுல கிடந்த குஞ்சைக் கையாலயே நசுக்கின மாதிரி இருக்கு.

நீ என்ன பண்ணப் போறே?… மேனேஜர்கிட்டயா… காய்ச்சல்னு சொல்லிட்டு வந்துடேன், இன்னிக்கு மட்டும்… ம்… ம்… நாளைக்கும் மழை பெய்யும். அதுவும் சரிதான்… அப்ப உள்ளதையே சொல்லப் போறியா? ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம்தானேண்ணா இருக்கு… பென்ஷன் என்ன ஆகும், அண்ணி என்ன சொல்லுவாங்க… தெரியும், தெரியும். நான்தான் ஆரம்பிச்சேன். தடுக்கறதுக்கு எனக்கு வாய் இல்லை. 

வேற டிரைவர் யாராவது இருக்காங்களா அந்த ட்ரிப்புக்கு?… இல்லைன்னா வண்டி நிக்கட்டும். ஜனங்க திட்டட்டும். நீ திட்டு வாங்காததா.

நேரா இங்க வந்துடு. தனியா இருக்காதே… பஸ்லதான் வரணும், வேற எதுல வருவே? டிக்கெட் வாங்கிக்கிட்டு ஜன்னலோரமா உக்காந்து வா… வந்து என்ன பேசறதுன்னா? எனக்குத் தெரியலை. அவனும் பேச மாட்டான். ரெண்டு பேரும் சேர்ந்து பேசாம உக்காந்திருங்க. நான் சூடா ஏதாவது பண்ணி வெக்கறேன்.

…டேய், எங்க கிளம்பறே? துணியை எங்க வெச்சே?… அண்ணா, குடையை எடுத்துக்கிட்டான். செருப்பை மாட்டறான். ஸ்டாப்புல வந்து நிக்கிறானாம், நீ வர்றவரைக்கும்… சொன்னா கேக்கறானா. இறங்கிப் போயிட்டான். இத்தனை நாள்ல இப்பத்தான் வாசலைத் தாண்டறான்.

…அழாதே. டிப்போவில எல்லாரும் பார்ப்பாங்க.

அதுக்கப்புறம் என்னன்னு என்னைக் கேக்காதே. அவனுக்கும் வழி தெரியலை, உனக்கும் தெரியலை, எனக்கு மட்டும் தெரிஞ்சுடுமா… ம்… ம். கூப்பிடறாங்களா? போ. 

அண்ணா, ஒண்ணே ஒண்ணு. வண்டிச் சாவியை மேசையில வெச்சுட்டு நழுவி வந்துடாதே. மேனேஜர் கையில குடுத்து, நின்னு சொல்லிட்டு வா…

ம். வெக்கறேன்.