வெளுக்காத பவளம்

எனக்குச் செடி வளர்க்கும் கைராசி கிடையாது, ஐயா. வீட்டுத் தொட்டியில் வைத்த ரோஜாகூடப் பிழைத்ததில்லை. அப்படிப்பட்டவனைத்தான் தீவு விடுதியில் பவளத் தோட்டத்துக்குப் பொறுப்பாகப் போட்டார்கள். நன்றாக முங்குவான், படகு ஓட்டுவான், விருந்தாளிகளிடம் சிரித்துப் பேசுவான், அது போதும் என்றார் மேனேஜர்.

வேலை இதுதான். விடுதிக்கு வருகிறவர்கள் விரல் நீளப் பவளத் துண்டை இரும்புச் சட்டத்தில் கட்டி, பிரியமானவர் பெயர் எழுதிய தகடு ஒன்றைப் பக்கத்தில் மாட்டுவார்கள். அதைக் கடலடியில் இறக்கி, அவ்வப்போது படம் எடுத்து அனுப்புவது என் பொறுப்பு. அந்த வருமானத்தில்தான் கடலைக் காப்பாற்றினோம். பவளத்தின் மேல் நங்கூரம் போடுவதை நிறுத்தினோம். கழிவுநீரைச் சுத்தம் செய்த பிறகே வெளியே விட்டோம். ஒப்புக்குச் செய்யவில்லை, மனதாரத்தான் செய்தோம்.

கடல்தான் பேச்சைக் கேட்கவில்லை. ஒரு கோடையில் தண்ணீர் சூடேறி, தோட்டம் மொத்தமும் வெளுத்துச் செத்தது. நான் என்ன செய்ய? கடலுக்கு விசிறியா வீச முடியும்? அந்த வாரம் பார்த்து ஓர் அம்மா போன் செய்தார். இறந்துபோன மகன் பெயரில் நட்டவர். "தம்பி, என் பையன் எப்படி இருக்கான்?" என்றார். பவளத்தைக் கேட்கவில்லை, பாருங்கள். "நல்லா இருக்கான்மா" என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன வார்த்தையைக் காப்பாற்ற வேண்டும் அல்லவா. தீவின் பின்பக்கம், யாரும் போகாத ஆழத்தில், பழைய பவளத் திட்டு ஒன்று உண்டு. அங்கே தண்ணீர் குளிர்ச்சி, அதனால் அது மட்டும் வெளுக்கவில்லை. ஒரு கிளையை ஒடித்து வந்து அந்தப் பையன் தகட்டருகே கட்டினேன். பக்கத்துத் தகடு என்ன பாவம் செய்தது என்று அடுத்த நாள் தோன்றியது. அடுத்த கோடையிலும் வெளுத்தது, அதற்கடுத்த கோடையிலும். போகப்போகச் சுத்தியலும் உளியும் எடுத்துப் போனேன்.

தங்கை புருஷனும் அங்கே முங்கும் வேலையில்தான் இருந்தான். ஒருநாள் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு என் அறைக்கு வந்தான்.

"என்ன மச்சான் பண்ணி வச்சிருக்கீங்க? கீழே பாதித் திட்டு இடிஞ்ச வீடு மாதிரி கெடக்கு."

"அந்தம்மாகிட்ட நான் என்னத்தச் சொல்றது மாப்ள?"

"உள்ளதைச் சொல்லுங்க. நாளைக்குப் போய்ப் படம் எடுத்து மேனேஜர்கிட்ட காட்டப் போறேன். நீங்களே படகு எடுத்துட்டு வாங்க. உங்களுக்குத் தெரியாம செய்ய எனக்கு மனசு வரல."

தங்கமான பையன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. கீழே போகிறவன் கடிகாரம் பார்ப்பதில்லை. அங்கே நீரோட்டம் திடீரென்று திரும்பும். திரும்பினால் ஆளை வெளிக்கடலுக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். மேலே இருப்பவன் தண்ணீரைக் கவனித்து, அதற்கு முன்பே படகின் இரும்பு ஏணியை ஸ்பேனரால் தட்ட வேண்டும். அடியில் அந்தச் சத்தம் நன்றாகக் கேட்கும். நான் தட்டி அவன் ஏறியிருக்கிறான், அவன் தட்டி நான் ஏறியிருக்கிறேன்.

அன்று ஸ்பேனர் என் மடியில் இருந்தது. நுரை திசை மாறுவதைப் பார்த்தேன். நான் அவனைத் தள்ளவில்லை, ஐயா. நீரோட்டத்தைத் திருப்பியதும் நான் இல்லை. தட்டவில்லை, அவ்வளவுதான். அவன் மூச்சுக் குமிழிகள் வெளிக்கடல் பக்கம் நகர்ந்து, சிறுத்து, காணாமல் போயின. அதற்குப் பிறகு மனசு கேட்காமல் வெகுநேரம் தட்டினேன்.

தங்கை தினமும் படகுத்துறைக்கு வருகிறாள். "அண்ணே, நீ தட்டுனது அவருக்குக் கேக்கலையா?" என்பாள். "கேக்கலம்மா" என்பேன். அது பொய் இல்லை.

இப்போது ஏன் வந்து சொல்கிறாய் என்றீர்கள். இந்தக் கோடையில் பின்பக்கத் திட்டும் வெளுத்துவிட்டது. நான் ஒடித்தது எது, தானாகச் செத்தது எது என்று இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. மறைக்க ஒன்றும் மிச்சமில்லை. மாப்பிள்ளை எதிலும் அவசரக்காரன், ஐயா. இந்த ஒரு கோடை பொறுத்திருந்தால், நான் அவனைச் சாகவிட வேண்டிய அவசியமே வந்திருக்காது.