விரல் நீட்டிச் சொன்ன நன்றி

— இல்லை சபா அண்ணை, நான் கேட்டதுக்கு முதல் பதில் சொல்லுங்கோ. போன ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில நான் பத்து நிமிசம் தமிழில பேசினனான். நீங்கள் அதை மூண்டு நிமிசத்தில சிங்களத்தில சொல்லி முடிச்சிட்டியள். மிச்சம் ஏழு நிமிசம் எங்கை?

— எமில்டா, மெசின் இரையிற இரைச்சலுக்கை உதெல்லாம் கதைக்கேலுமே? வேலை முடிய வீட்டை வாறன், ஆறுதலாக் கதைப்பம்.

— உடுப்புத் தோய்க்கிற லோண்டறெட்டில மெசின் இரையாமல் என்ன செய்யும்? நான் வேலை செய்யிற இடத்துக்குத் தேடி வந்தது நீங்கள். சும்மா நிக்காமல் இந்த விரிப்பின்ர மற்ற முனையைப் பிடியுங்கோ. வயசு போன ஆக்களின்ர ஹோமில இருந்து வந்தது, ரெண்டு மணிக்கு எடுக்க வருவினம்.

— சரி, பிடிக்கிறன். இஞ்சை பாரும் தங்கச்சி, மேடை மொழிபெயர்ப்பெண்டால் சுருக்கித்தான் சொல்லுறது. கொழும்பில மே தினக் கூட்டங்களில முப்பது வருசமா மொழிபெயர்த்தவன் நான். ஒரு தோழரும் இண்டுவரைக்கும் சபாரத்தினத்தைக் குறை சொன்னதில்லை.

— குசுமா சொன்னவ.

— எந்தக் குசுமா?

— முன் வரிசையில இருந்த சிங்கள மனுசி. மாத்தறையில எண்பத்தொன்பதில அரசாங்கத்தின்ர கொலைப் படையளிட்டை மகனைப் பறிகுடுத்தவ. செவ்வாய்க்கிழமை என்னைத் தேடி லூயிஷாமில என்ர வீட்டுக்கு வந்தவ. ரெண்டு பேருக்கும் அரைகுறை இங்கிலீஷ்தான். என்னட்டை ஒண்டே ஒண்டுதான் கேட்டவ. நீ மேடையில இருந்த மேஜருக்கு நன்றி சொன்னாயாமே, நன்றி சொல்லுறவள் ஏன் அவற்ற முகத்துக்கு நேர விரலை நீட்டினாய் எண்டு.

— அதுக்கு நீர் என்ன சொன்னனீர்?

— அதைப் பேந்து சொல்லுறன். நான் மேடையில என்ன சொன்னனான் எண்டு உங்களுக்கு ஞாபகம் இருக்கோ?

— இருக்கு.

— சொல்லுங்கோ பாப்பம். தமிழிலயே சொல்லுங்கோ, சுருக்க வேண்டாம்.

— "போன வருசம் என்ர மனுசன் கிறிஸ்துராஜாவை ஆமி மன்னாரில பிடிச்சுக்கொண்டு போச்சுது. அவரைக் கேட்டு நான் பதினொரு நாள் காம்ப் வாசலுக்குப் போனனான். அப்பிடி ஒருத்தன் இஞ்சை இல்லையெண்டு ஒவ்வொரு நாளும் திருப்பி அனுப்பின ஒபிசர், இண்டைக்கு இந்த மேடையில எனக்கு ரெண்டு கதிரை தள்ளி இருக்கிறார்." அப்பிடித்தான் சொன்னீர். காணுமே?

— காணும். அதை நீங்கள் சிங்களத்தில என்னெண்டு சொன்னியள்?

— பொதுவாச் சொன்னன்.

— என்னெண்டு?

— "மேஜரைப் போல நேர்மையான ஆக்கள் இண்டைக்கு எங்களோட வந்து நிக்கிறதுக்கு இந்தச் சகோதரி நன்றி சொல்லுறா" எண்டு.

— பிடியுங்கோ, விரிப்பு நிலத்தில படுகுது.

— நீர் முதலே எனக்கொரு சொல் சொல்லியிருக்கவேணும் எமில்டா. எழுதித் தந்த பேச்சை விட்டிட்டு இடையில திடீரெண்டு உதைச் சொன்னால் நான் என்ன செய்யிறது? எனக்கு முன்னால நானூறு பேர். எதிர்க்கட்சிக்காரர் நாலு கோச் பஸ் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வந்த சனம்.

— மேடையில ஏறித்தானே நானே அவரைக் கண்டனான். அவர் மன்னாரில இருந்தவரெண்டு உங்களுக்குத் தெரியாதோ?

— தெரியாது.

— உண்மையாவோ?

— நான் ஏன் உமக்குப் பொய் சொல்லுறன்? ஜனாதிபதியோட முரண்பட்டு ஆமியை விட்டிட்டு வந்தவர் எண்டு மட்டும்தான் எங்களுக்குச் சொன்னவை.

— சரி. அடுத்ததை எடுங்கோ.

— எமில்டா, ஆத்திரப்படாமல் ஒருக்கா யோசியும். ஜனாதிபதிக்கு எதிரான பிரேரணை சபாநாயகரின்ர கைக்குப் போட்டுது. கையெழுத்து வைச்ச எம்பிமாரில சிலபேர் இப்ப பின்வாங்கப் பாக்கினமாம். இந்தத் தொண்ணூற்றொண்டில இந்தாளை இறக்கேல்லையெண்டால் இனியொரு சந்தர்ப்பம் வராது. எங்கட இடதுசாரிக் கட்சிக்கு லண்டனில முப்பது பேர். அதில எட்டுப் பேர் ஒருத்தரோட ஒருத்தர் கதைக்கிறதில்லை. எதிர்க்கட்சியைச் சேர்க்காமல் நாங்கள் ஆரை இறக்கிறது? கொலைப் படையளைப் பற்றி வாய் திறக்கிற ஒரே ஒரு ஆமிக்காரன் அந்த மேஜர். அவனையும் நாங்களே மேடையில வைச்சு அடிச்சால் அண்டைக்கே எல்லாம் உடைஞ்சிடும்.

— உந்த எதிர்க்கட்சியோட எழுபதிலயும் சேர்ந்து அரசாங்கம் அமைச்சனீங்கள்.

— அது வேற கதை.

— எங்கட வீட்டில அது வேற கதையில்லை. என்ர பெரியண்ணன் றெஜினோல்ட்டுக்கு மெடிசினுக்குக் காணுமான மாக்ஸ் இருந்தது. கம்பசுக்குத் தமிழ்ப் பிள்ளையளிட்டைக் கூட மாக்ஸ் கேக்கிற தரப்படுத்தல் வந்து இடம் போச்சுது. அப்ப உங்கட தலைவர்மார் அந்த அரசாங்கத்தில மந்திரிமார். அப்பவும் வீடு வீடா வந்து, முதல்ல பெரிய எதிரியை விழுத்துவம், பேந்து உங்கட பிரச்சினையைப் பாப்பம் எண்டுதானே சொன்னனீங்கள்?

— அது வரலாற்று ரீதியா எங்கட பிழைதான். அதுக்குக் கட்சி சுயவிமர்சனம் செய்திட்டுது.

— எந்த மொழியில செய்தனீங்கள்?

— நக்கல் அடிக்காதையும். உமக்குத் தெரியுமோ நான் எதைக் குடுத்து இந்தக் கட்சியில நிக்கிறனெண்டு? ஊருக்குப் போகேலாது. இயக்கப் பெடியள் துரோகியெண்டு என்ர பேரைச் சந்தியில ஒட்டினவங்கள். கொழும்புக்குப் போனால் அரசாங்கத்தின்ர ஆக்கள். டூட்டிங்கில ஒரு பெற்றோல் ஸ்டேசனில நிண்டு வேலை செய்யிறன். எனக்கு மிஞ்சியிருக்கிறது இது ஒண்டுதான். இதை வெறுங்கையோட விட்டிட்டுச் சாக எனக்கு விருப்பமில்லை.

— உங்களை நான் குறைச்சுச் சொல்லேல்லை. நான் லண்டனுக்கு வந்த கிழமை ஹீற்றர் வாங்கிக்கொண்டு வந்து தந்தது நீங்கள். என்ர மகள் அஞ்சலீனாவைப் பள்ளிக்கூடத்தில சேர்த்தது நீங்கள். அதாலதான் நீங்கள் கூப்பிட்ட உடன ஏனெண்டு கேக்காமல் மேடையில ஏறினனான்.

— அப்ப இன்னுமொரு தரம் ஏறும். வாற ஞாயிறு கொழும்பில இருந்து எதிர்க்கட்சிக் குழு வருகுது. பேப்பர்க்காரரும் வருவினம். இதில ஒரு கையெழுத்து மட்டும் வையும், மிச்சத்தை நான் பாக்கிறன்.

— என்ன இது?

— உம்மட வாக்குமூலம். நான்தான் எழுதினனான். உம்மட மனுசனைக் கொண்டு போனதுக்கு ஜனாதிபதிதான் பொறுப்பெண்டு வடிவாப் போட்டிருக்கு.

— காம்பின்ர பேர் இல்லை. ஒபிசரின்ர பேரும் இல்லை.

— அதுகள் இப்ப தேவையில்லை.

— எனக்குத் தேவை. கொண்டு போங்கோ. நான் சொல்லவேண்டியதைக் குசுமாட்டைக் குடுத்திட்டன்.

— என்னத்தைக் குடுத்தனீர்?

— நீங்கள் விழுங்கின ஏழு நிமிசத்தை. எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷில நாலு பக்கம் எழுதிக் குடுத்தனான். அவவும் மகளும் அதைச் சிங்களத்தில எழுதுகினம். ஞாயிறு வாசலில நிண்டு உள்ளுக்கை போற ஒவ்வொருத்தருக்கும் குடுப்பினமாம்.

— உமக்கென்ன விசரோ? அந்தக் கடதாசி வெளியில போனால் அடுத்த நாள் காலமை கொழும்பில அரசாங்கப் பேப்பர் முழுக்க அதுதான் இருக்கும். எதிர்க்கட்சியின்ர ஆளே கொலைகாரனெண்டு போடுவாங்கள். ஜனாதிபதியைக் காப்பாத்திக் குடுக்கப்போறது நீர்தான். விளங்குதோ உமக்கு?

— விளங்குது.

— விளங்கினால் அந்த மனுசியிட்டை இருந்து அதைத் திருப்பி வாங்கும்.

— வாங்கமாட்டன்.

— எமில்டா, ஹோம் ஒபிசுக்கு உம்மட அகதிக் கேசுக்காகக் கடிதம் எழுதித் தந்தது ஆரெண்டு மறந்து போனீரோ? எங்கட கமிட்டி. கார்த்திகையில உமக்கு இன்ரவியூ. எழுதிக் குடுத்த கமிட்டியே அந்தக் கடிதத்தை வாபஸ் வாங்கினால் உம்மையும் பிள்ளையையும் எங்கை அனுப்புவாங்களெண்டு யோசிச்சனீரோ?

— அதையும் சொல்லிப்போட்டியள்.

— நான் அப்பிடிச் செய்யமாட்டன். கமிட்டியில மற்ற ஆக்கள் என்ன சொல்லுவினமோ எண்டுதான்...

— மற்ற ஆக்கள் சொல்லேல்லை. நீங்கள் சொன்னனீங்கள். கையை எடுங்கோ, மிச்சத்தை நான் தனிய மடிக்கிறன்.

— கோவத்தில வாய் தவறிப்போச்சு தங்கச்சி. மன்னிச்சுக்கொள்ளும். கடிதம் கடிதமா இருக்கும், அதில ஒருத்தரும் கை வைக்கமாட்டினம். நான் உம்மட காலில விழாத குறையாக் கேக்கிறன். கையெழுத்தும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். ஞாயிறு வந்து, "என்ர மனுசன் உள்ளுக்கை இருக்கிறார், அவரை விடுங்கோ" எண்டு மட்டும் சொல்லும். அந்த ஒரு வசனம் போதும். போன கிழமை நீர் அதைச் சொல்லேக்குள்ள சிங்களப் பொம்பிளையள் எல்லாம் விக்கி விக்கி அழுதவை. அதை நான் ஒரு சொல்லும் குறைக்காமல் மொழிபெயர்க்கிறன்.

— உள்ளுக்கை இருக்கிறாரோ?

— இல்லாமல்?

— நீங்கள் நம்புறியளோ, சபா அண்ணை?

— நம்புறன். நம்பிக்கையை விடக்கூடாது. நானும் விசாரிச்சுக்கொண்டுதான் இருக்கிறன். தெற்குப் பக்கம் ஒரு காம்பில மன்னார்ப் பெடியள் கொஞ்சப் பேர் இருக்கினமெண்டு ஒரு கதை.

— ஆர் சொன்னது?

— கட்சிக்காரர்தான்.

— நேற்று மேஜர் இஞ்சை வந்தவர்.

— இஞ்சையோ? லோண்டறெட்டுக்கோ?

— உந்த வாங்குப் பலகையிலதான் இருந்தவர். சட்டன் பக்கம் தமக்கை வீட்டில நிக்கிறாராம். குசுமாட்டை விலாசம் கேட்டு வந்தவர். கையில தோய்க்கிறதுக்கு உடுப்பொண்டும் இல்லை. நான் பயந்து பின்பக்கத்தால ஓடப் பாத்தனான். ஓட வேண்டாமெண்டு தமிழில சொன்னார். பன்னிரண்டு வருசம் எங்கட பக்கங்களில வேலை செய்தவராம். நான் மேடையில சொன்னது ஒவ்வொரு சொல்லும் விளங்கினதாம். நீங்கள் அதை நன்றியாக்கினதும் விளங்கினதாம்.

— அவன் உம்மை வெருட்டத்தான் வந்திருக்கிறான். என்ன சொன்னானெண்டாலும் நீர் நம்பக்கூடாது.

— வெருட்டேல்லை. ரெண்டு கையையும் முழங்காலுக்கை வைச்சுக்கொண்டு நிலத்தைப் பாத்துச் சொன்னவர். கிறிஸ்துராஜா மூண்டாம் நாளே செத்துப்போனாராம். விசாரிக்கேக்குள்ள அடிச்ச அடியில. காம்புக்குப் பின்னால பனையடியில தாட்டவையாம். அதுக்குப் பிறகும் எட்டு நாள் நான் அந்த வாசலில நிண்டனான், சபா அண்ணை. சாப்பாட்டுப் பாசலோட.

— எமில்டா...

— கதைக்காதையுங்கோ, நான் இன்னும் முடிக்கேல்லை. ஒரு வருசமா அவர் சுகமாத் திரும்பி வரவேணுமெண்டு பூசை குடுத்தனான். செத்த ஆளுக்குக் குடுக்கிற பூசை ஒண்டும் குடுக்கேல்லை. சின்னனில கடற்கரையில கட்டின மண் வீடு மாதிரி எல்லாம் ஒரு நொடியில இடிஞ்சு போச்சு. நேற்றுப் பின்னேரம் அஞ்சலீனா பள்ளிக்கூடத்தால வந்து, ஏனம்மா கறுப்பு உடுத்திருக்கிறாய் எண்டு கேட்டவள். அவளுக்கு இன்னும் நான் சொல்லேல்லை.

— இதில இரும், பிள்ளை. தண்ணி கொண்டு வாறன்.

— வேண்டாம். நான் மேஜரைக் கேட்டனான். ஞாயிறு முழுக்க அதே மேடையில இருந்தனீங்கள், உயிரோட இருக்கிற ஆளைப் போல நான் அவரைக் கேட்டு அழுததைப் பாத்துக்கொண்டிருந்தனீங்கள், அப்பவாவது ஏன் ஒரு சொல் சொல்லேல்லை எண்டு. அந்த மனுசன் நிமிர்ந்து என்னை ஒரு மாதிரிப் பாத்தார். பாத்துப்போட்டுச் சொன்னார்: "கமிட்டி காணாமல் போன ஆக்கள் லிஸ்ட் எழுதுற நேரம், போன மாசம், நான் உங்கட சபாரத்தினம் மாத்தயாக்கு எல்லாம் சொன்னதுதானே, செத்த ஆள், அந்தப் பெயரை வெட்டச் சொல்லி. அவர் உங்களுக்குச் சொல்ல இல்லையா?"